ஆடியில் ஓடிய கல்யாணப் படம்

ஜூலை 19, வெள்ளி

இருநூற்றுப்பத்து மணி நேரம் ஓடும் ஒரு படத்துக்கு நாளை முதல் போகப்போகிறேன். தவறாக எழுதவில்லை. மணி நேரம்தான்.

மதுரையிலிருந்து சிற்றிதழ் ஆசிரியர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க ஊர்லயே ஒரு தலைமறைவுப் படம் ஓடுது. போஸ்டர் கிடையாது, சென்சார் கிடையாது. தெரிஞ்சவங்க தெரிஞ்சவங்களுக்குச் சொல்லித்தான் ஆள் வர்றாங்க. நீங்க பார்த்து எழுதுனா நல்லாருக்கும்" என்றார். விருதுநகரில் ஒரு பூனைகூடத் தலைமறைவாகக் குட்டி போட முடியாது. இருந்தாலும் இந்த ஊரில் சினிமா தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஒப்புக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே திரைரசனை மன்றத்தையும் நடத்தியவன் நான். கடைசியில் மன்றத்தில் நானும் புரொஜக்டரும்தான் மிஞ்சினோம் என்பது வேறு விஷயம்.

படத்தை எடுத்தவள் பிரிசில்லா என்று ஒரு சாத்தூர்ப் பெண். எடுத்தவள் என்று சொல்வதே தப்பு, அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. மூடிப்போன ஒரு வீடியோ ஸ்டுடியோவின் பரணில் கிடந்த கல்யாணக் கேசட்டுகளை அள்ளி வந்து ஒட்டியிருக்கிறாள். அதுவும் பாட்டுப் போட்டு, தாமரைப் பூவுக்குள் மாப்பிள்ளை முகத்தை வைத்து மிக்சிங் செய்த கேசட்டுகள் இல்லை. மிக்சிங்கில் வெட்டி எறிந்த பகுதிகளும், யாரும் வந்து வாங்காத கேசட்டுகளும். குப்பையிலும் இரண்டாம் தரக் குப்பை.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம் சும்மா கிடக்கிறது. அங்கேதான் ஆடி முடிகிறவரை பகலில் ஓட்டுகிறாளாம். ஆடி பிறந்ததிலிருந்து ஓடுகிறது. ஆரம்பத்தை நான் பார்க்கவில்லை. நஷ்டம் இருக்காது.

மரகதத்திடம் சொன்னேன். "மதியத்துக்கு என்ன கட்டித் தர?" என்று கேட்டாள். என் மனைவியின் கலையார்வம் அவ்வளவுதான்.

ஜூலை 20, சனி

மணமேடையில் நாலு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதுதான் திரை. தாடி வைத்த மூன்று பேர், தாடி வைக்க முயலும் ஒருவன், கண்ணாடி போட்ட பெண்கள் சிலர், மண்டபத்துக் காவலாளி. கலையுலகம் மொத்தமும் ஜமுக்காளத்தில் படுத்திருந்தது.

பிரிசில்லா பெரிய சட்டை ஒன்றுக்குள் சின்னதாக இருந்தாள். "சார், படுத்துக்கிட்டே பாக்கலாம். தூக்கம் வந்தா தூங்குங்க. முழிக்கிறப்பவும் பந்திதான் ஓடிக்கிட்டிருக்கும்" என்றாள். தூங்கச் சொல்லும் இயக்குநரை இன்றுதான் பார்க்கிறேன். தன் சரக்கைப் பற்றி அவளுக்கே தெரிந்திருக்கிறது.

பந்திதான் ஓடியது. சாப்பிடுகிறவர்கள் மேல் வீடியோ விளக்கு விழுகிறது. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அப்படியே உறைந்துவிடுகிறார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடுகிறாள். ஒரு பெரியவர் அப்பளத்தைக் கையில் பிடித்தபடி பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போல விறைத்துக்கொள்கிறார். விளக்கு நகர்கிறது, அடுத்த இலை. மதியம் வரை இது. மதியத்துக்குப் பிறகும் இது.

தயிர்சாதத்தில் உப்பு ஜாஸ்தி. வந்ததும் சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு

பந்தி. உப்பு சரி.

ஜூலை 24, புதன்

இன்று ஒரு விஷயம் நடந்தது.

இடைவேளையில் பிரிசில்லா என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். "ஞானகுருவா? பாலிடெக்னிக் ஞானகுருவா?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் கட்டுரைகளைப் படித்திருக்கிறாள் என்று நினைத்தேன். "சார், உங்க கல்யாணம் என்கிட்ட இருக்கு" என்றாள்.

அந்தக் கேசட்டை நாங்கள் வாங்கவே இல்லை. அதில் முதலில் வரும் பெயர் என்னுடையது இல்லை. மரகதத்தைக் கட்ட இருந்தவன் சிவகாசி குணசேகர். முகூர்த்தத்தன்று விடிகாலையில் மாப்பிள்ளை அறையில் அவன் செருப்புகூட இல்லை. நான் மரகதத்துக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன். கல்யாணத்துக்கு வந்தவன், முதல் பந்தியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அப்பா, என் மாமா, நேராக என்னிடம் வந்தார். வேறு எங்கும் போகவில்லை, நேராக என்னிடம். எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, என் மானத்தைக் காப்பாத்து" என்றார். குணசேகருக்கு எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். தாலி கட்டும்போது மரகதம் அழுதாள். நன்றிக் கண்ணீர். இதற்கு நம் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு: வாழ்க்கை கொடுத்தேன்.

அதை நான் சொல்லக்கூடாதாம். என் மகள் நித்திலா மதுரையில் வங்கி வேலையில் இருக்கிறாள். சித்திரையில் வந்திருந்தபோது அவள் மாமனார் மாமியார் முன்னால் இந்தக் கதையைச் சொன்னேன். சுவையாகத்தான் சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு நித்திலா, "அம்மாவுக்கு வாழ்க்கை கொடுத்தேன்னு இன்னொரு தடவை சொன்னீங்கன்னா நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே வரவும் இல்லை. அம்மாவோடு போனில் மட்டும் பேச்சு.

இப்போது என் கையில் சாட்சி கிடைத்துவிட்டது. மாமா வந்து என் கையைப் பிடித்ததை அவள் தன் கண்ணால் பார்க்கட்டும். முப்பது வருடத்தில் ஒரு நல்ல காரியம் வீடியோ ஸ்டுடியோக்காரன் செய்திருக்கிறான்.

ஜூலை 25, வியாழன்

மரகதம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கத்தி நின்றது.

"அந்தக் கேசட்டா? அது வேண்டாம்னு எங்கப்பா ஸ்டுடியோவுலயே விட்டுட்டாகளே."

"விட்டதைத்தான் எடுத்து வச்சிருக்கா."

"பொண்ணு ரூம்ல எடுத்ததும் இருக்குமா?"

"எல்லாந்தான் இருக்கும்."

"எடுத்துரச் சொல்லுங்க. வேண்டாம்" என்றாள்.

மாப்பிள்ளை ஓடிப்போன அவமானம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அதைத் துடைத்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன் என்ற நினைப்பு வரமாட்டேன் என்கிறது. பெண்கள் அவமானத்தை வைத்துக்கொள்கிற அளவுக்கு உபகாரத்தை வைத்துக்கொள்வதில்லை. வெண்டைக்காய் வழுவழுவென்று இருந்தது.

ஜூலை 30, செவ்வாய்

பந்தி முடிந்து இப்போது மணப்பெண் அறை. ஏதோ வருடம், ஏதோ ஊர், ஒருத்தி மாற்றி ஒருத்தி. உதட்டுச் சாயம் கலையாமல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தை ஊட்டும் இட்லியை வாங்குகிறார்கள். தலையில் பூ வைக்க ஊசி குத்தும்போது முகம் சுளிக்கிறார்கள். மின்விசிறியைப் பார்க்கிறார்கள். ஒருத்தி தன் கை மருதாணியை வெகுநேரம் பார்த்தாள். நானும் வெகுநேரம் பார்த்தேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லையே.

பெரிய குறை ஒன்று. இத்தனை மணப்பெண்களில் ஒருத்தி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை. ஒருத்தியையாவது பேச விட்டிருந்தால் படம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். இயக்குநருக்குக் கற்பனை போதாது. கட்டுரையில் இதைக் குத்திக் காட்ட வேண்டும்.

வெயில் தாழட்டும் என்றுதான் கடைசிவரை இருந்தேன். வெளியே வந்தபோது இருட்டியிருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது: 'எச்சில் இலைக்கு ஏன் இவ்வளவு வெளிச்சம்?' எனக்கே பிடித்திருக்கிறது. மரகதத்திடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். அவளுக்குப் புரிந்திருக்காது.

காஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் வாயில் போடுகிற ரப்பர் வளையத்தைக் காணவில்லை. மரகதம்தான் கண்டுபிடித்தாள். என் மேசையில், என் காகிதங்களுக்கு அடியில் இருந்ததாம். அங்கே யார் வைத்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பிரிசில்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்று பேசினோம்.

"சார், ஞாயித்துக்கிழமை உங்க பகுதி வருது. அதுக்கு முன்னாடி நீங்களும் அம்மாவும் மட்டும் தனியா ஒரு தடவை பாத்துருங்க. வேண்டாம்னு சொன்னீங்கன்னா எடுத்துர்றேன்."

"ஏன், என்ன இருக்கு அதுல?"

"நான் சொல்றது சரியா இருக்காது சார். நீங்க பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருநூற்றுப்பத்து மணி நேரத்தில் ஒரு நிமிடம் குறைந்தாலும் கலை செத்துவிடும் என்கிற கூட்டம், விமரிசகனுக்கு மட்டும் சலுகை தருகிறது. நாளைக்கு நான் திட்டி எழுதினால், 'அவர் கேட்டாரென்று வெட்டினோம், அந்த நன்றிகூட இல்லை' என்பார்கள். இந்தத் தந்திரமெல்லாம் நான் பார்க்காததா?

"ஒரு பிரேம் வெட்டக்கூடாது. என் மகளையும் கூட்டிட்டு வர்றேன். எல்லாரோடயும் சேர்ந்துதான் பாப்போம்" என்றேன்.

"அம்மாகிட்டக் கேட்டுட்டீங்களா சார்?" என்றாள்.

"அவ என்ன சொல்லப்போறா?" என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

நித்திலாவுக்கு நானே போன் செய்தேன். வருகிறாளாம். எனக்காக இல்லையாம், அம்மாவை அந்தக் கேசட்டில் பட்டுச் சேலையில் பார்க்க ஆசையாம். எதற்காக வந்தால் என்ன, வந்து பார்க்கட்டும்.

மரகதம் வரவில்லை என்றாள். பிறகு, "அவ தனியா உக்காந்து பாக்க வேண்டாம். நானும் வாரேன்" என்றாள். நான் பக்கத்தில் இருக்கும்போது நித்திலா எப்படித் தனியாவாள்?

சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓடியது.

ஒலிப்பதிவு படுமோசம். ஆரம்பத்திலேயே வீடியோக்காரனை யாரோ, "கேமராவைக் கீழ வைய்யா" என்று அதட்டுகிறார்கள். அவன் நிறுத்த மறந்து அப்படியே மணப்பெண் அறைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான். திரையில் சேலைக் கொசுவங்களும் ஒரு எவர்சில்வர் வாளியும் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் யாரோ பேசினார்கள். சரியாகக் கேட்கவில்லை. தாடிக்காரர்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். படம் பார்க்கும் ஒழுங்கு இவர்களுக்குத் தெரியாது.

நித்திலா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ராத்திரி தோசை. சட்னி தேங்காயா தக்காளியா என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தலைவலி. போகவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியது பொய். ஒரு எழுத்து விடாமல் கேட்டது. எழுதிவிட்டால் திரும்பத் திரும்பக் காதில் ஓடாது என்று நினைத்து எழுதுகிறேன்.

மாமாவின் குரல்: "ராஜாமணிகிட்டக் கேட்டாச்சு, முடியாதுன்னுட்டான். சுப்பையா வீட்லயும் கையை விரிச்சுட்டாக. ஞானகுரு பந்தியில இருக்கான். அவனைக் கேக்கப் போறேன்."

மரகதத்தின் குரல். அவ்வளவு சின்னக் குரல், ஆனால் அவளுடையதுதான்: "ஞானகுரு அத்தானா? வேண்டாம்ப்பா."

"ஏம்மா? படிச்சவன், பாலிடெக்னிக்ல வேலையில இருக்கான்."

"யாரைப் பாத்தாலும் எகத்தாளந்தான்ப்பா அவுகளுக்கு. அடுத்தவுகளைப் பாத்துத்தான் சிரிப்பாக. காலமெல்லாம் நான் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"முகூர்த்தம் போயிரும்மா."

"போகட்டும். வந்தவுகளுக்கு இலையைப் போட்டு அனுப்பிருவோம். கல்யாணம் நின்னா நிக்கட்டும்ப்பா. அவுக மட்டும் வேண்டாம்."

"நான் உன்கிட்டக் கேக்கலை. சொல்றேன்."

அதற்குப் பிறகு வாளி. கொசுவங்கள். ஒரு கொலுசுக் கால் சுவர்ப்பக்கமாக நகர்ந்து நின்றது. யாரோ அழுதார்கள். யாரோ என்ன, அவள்தான்.

அடுத்த காட்சியில் மணையில் நான். அடுத்தவன் பட்டு வேட்டியில் வீடியோ விளக்கைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறேன். பக்கத்தில் நின்ற அவள் சித்தப்பாவின் வழுக்கையைப் பற்றி ஏதோ சொல்லி நானே சிரிக்கிறேன். அவள் தலை நிமிரவே இல்லை. மாமா என் கையைப் பிடித்த காட்சி அந்தக் கேசட்டிலேயே இல்லை.

நேராக என்னிடம் வந்தார் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அவளுக்கு இன்னொரு முறைமாப்பிள்ளையான ராஜாமணியிடமே சொல்லியிருக்கிறேன். அந்தப் பாவி மூஞ்சியில் ஒன்றையும் காட்டாமல், "ஆமாண்ணே, பெரிய மனசு உங்களுக்கு" என்றான்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆசிரியர் போன் செய்தார். "அண்ணாச்சி, கட்டுரை என்னாச்சு? நல்லாக் கிழிச்சிருக்கீங்களா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

உட்கார்ந்து எழுதினேன். 'எச்சில் இலைக்கு' என்று ஆரம்பித்ததுமே, பொங்கலோடு எழுந்து வந்த என் கை ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன். இந்த நாட்குறிப்பின் முன் பக்கங்களைப் புரட்டினேன். யாரையாவது இளக்காரமாகப் பேசாத பக்கம் ஒன்றுகூட இல்லை. முக்கால்வாசி அவளைத்தான். நடை மட்டும் நன்றாக இருக்கிறது.

காலையில் மரகதம் இரண்டு டப்பாவில் சாதம் கட்டினாள். ஒன்றை மேசையில் வைத்து, "இது உங்களுக்கு. பசிச்சாச் சாப்பிடுங்க" என்றாள். இன்னொன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?"

"படத்துக்கு. மிச்சம் ஓடுதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடையைக்கூட எடுக்கவில்லை.

தயிர்சாதம் நன்றாக இருந்தது. சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடியின் கடைசி நாள். படம் முடிந்தது. நாளை ஆவணி பிறக்கிறது. அடுத்து வரும் முகூர்த்தத்துக்கு மண்டபத்தைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்களாம். மரகதம் சாயங்காலம் வந்து சொன்னாள். இன்றும் அவள்தான் போனாள். நான் போகவில்லை, எந்த முகத்தோடு போவது?

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவளிடம் ஒரு படத்தைப் பற்றி அப்படி நான் கேட்டதே இல்லை.

"நல்லாருந்துச்சு. கடைசியில எல்லாரும் கிளம்பிப் போறாக. வெறும் நாற்காலியா நிக்குது. பந்தல்காரன் ஒவ்வொண்ணா மடிக்கிறான்" என்றாள். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தேன். சரியாக வரவில்லை.

"அன்னைக்கு நீ அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும்னு நான் சொல்லலையே."

"முப்பது வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா அதையும் ஒரு கதையாக்கி நாலு பேருகிட்டச் சொல்லிச் சிரிப்பீக" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயில் ஒரு பதில் வந்தது, நல்ல பதில், சிரிக்கிற மாதிரியான பதில். விழுங்கிவிட்டேன்.

"சரி. இப்பக் கேக்குறேன்" என்றேன். "நான் வேணுமா, வேண்டாமா?"

மடித்துக்கொண்டிருந்த சேலையை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எகத்தாளமாக் கேக்குறீகளா?"

"இல்ல."

நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாளோ, வேறு எதைப் பார்த்தாளோ. பிறகு சேலையை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்து முடித்தாள்.

"எங்கப்பா கேக்கலை. நீங்களும் கேக்கலை. இன்னைக்குத்தான் கேக்குறீக" என்றாள். "உடனே சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்றேன்."

துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நித்திலாவுக்குப் போன் போட்டிருக்கிறாள், பேச்சுச் சத்தம் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.